எந்த எலி, யாருடைய செல், என்ன கேள்வி

கேள்வி இதுதான்: மாமாவுக்கு லுக்கீமியா. "மனித நோய் எதிர்ப்பு மண்டலம் கொண்ட எலிகளில்" ஒரு புது மருந்து நன்றாக வேலை செய்தது என்று செய்தியில் வந்திருக்கிறது. மனிதனுடைய எதிர்ப்பு மண்டலம் எலிக்குள் எப்படி இருக்க முடியும்? அதில் வந்த முடிவை மனிதனிடம் வந்த முடிவாக எடுத்துக்கொள்ளலாமா?

முதலில் நேரடியாகச் சொல்லிவிடுகிறேன். இருக்க முடியும், 1988 முதல் செய்துவருகிறார்கள். மனிதனிடம் வந்த முடிவாக எடுத்துக்கொள்ள முடியாது. அதற்காக "எலிதானே" என்று ஒதுக்கிவிடவும் கூடாது, ஏனென்றால் சில கேள்விகளுக்குச் சாதாரண எலியிடம் பதிலே கிடையாது, இந்த எலியிடம்தான் உண்டு. எந்தக் கேள்விக்கு எந்த எலி என்பதில்தான் விஷயமே இருக்கிறது, செய்திகளில் விட்டுப்போவதும் அதுதான். நான் ஆய்வகத்தில் இந்த எலிகளோடு வேலை செய்கிறவன், அதனால் கொஞ்சம் விரிவாகவே எழுதுகிறேன்.

ஆய்வகங்களில் இருக்கும் சுண்டெலிக்கும் நமக்கும் உடலுக்குள் நிறைய ஒற்றுமை உண்டு. ஆனால் நோய் எதிர்ப்பு என்று வந்துவிட்டால் வித்தியாசங்கள் பெரிதாகிவிடுகின்றன. நம் ரத்தத்தின் வெள்ளை அணுக்களில் பாதிக்கு மேல் நியூட்ரோஃபில்கள். எலியின் ரத்தத்தில் அவை 10 முதல் 25 சதவீதம்தான், மீதியில் பெரும்பங்கு லிம்ஃபோசைட்டுகள், அதாவது டி செல், பி செல் போன்ற எதிர்ப்பு அணுக்கள். செல்களின் மேல் நீட்டிக்கொண்டிருக்கும் புரதங்களின் வடிவமும் அங்கங்கே மாறும். எச்.ஐ.வி. நம் டி செல்லுக்குள் நுழைவதற்கு சி.டி.4 என்ற புரதத்தையும் சி.சி.ஆர்.5 போன்ற இன்னொரு புரதத்தையும் பிடித்துக்கொள்ள வேண்டும். எலிக்கும் சி.டி.4 இருக்கிறது, ஆனால் அது இந்த வைரஸின் பிடிக்கு அகப்படாது. சாதாரண எலிக்கு எச்.ஐ.வி.யை எவ்வளவு ஊசி மூலம் செலுத்தினாலும் ஒன்றும் ஆகாது. டைஃபாய்டும் அப்படித்தான், சால்மோனெல்லா டைஃபி என்ற பாக்டீரியா மனிதர்களுக்கென்றே ஆனது. சாதாரண எலியை வைத்து இந்த நோய்களை ஆராய்வது என்றால் ஆராய நோயே இருக்காது.

இதைவிடப் பெரிய ஆபத்து, நோய் எதிர்ப்பு மண்டலத்தையே தூண்டிவிடும் மருந்துகளில் இருக்கிறது. 2006 மார்ச் 13 அன்று லண்டனில் நார்த்விக் பார்க் மருத்துவமனை வளாகத்தில் ஒரு முதல்கட்டச் சோதனை நடந்தது. மருந்தின் பெயர் டி.ஜி.என்.1412, டி செல்களின் மேல் இருக்கும் சி.டி.28 என்ற புரதத்தைப் பிடித்து அவற்றைத் தூண்டும் ஆன்டிபாடி, அதாவது குறிப்பிட்ட இலக்கைத் தேடிப் பிடிக்கும் புரதம். ஆரோக்கியமான எட்டு இளைஞர்கள், அதில் ஆறு பேருக்கு மருந்து, இரண்டு பேருக்கு வெறும் கரைசல். கொடுத்த அளவு கிலோவுக்கு 0.1 மில்லிகிராம், அதாவது குரங்குகளுக்குப் பாதுகாப்பானது என்று கண்டிருந்த அளவில் ஐந்நூறில் ஒரு பங்கு. ஒன்றரை மணி நேரத்துக்குள் தலைவலி, முதுகுவலி, குமட்டல், காய்ச்சல் என்று ஆரம்பித்து ஆறு பேருமே தீவிர சிகிச்சைப் பிரிவுக்குப் போனார்கள். டி செல்கள் ஒரே நேரத்தில் விழித்துக்கொண்டு சைட்டோகைன்கள் என்ற சமிக்ஞைப் பொருட்களைக் கொட்டித் தீர்த்துவிட்டன. ஆறு பேரும் உயிர் பிழைத்தார்கள், ஒருவர் கால் விரல்களையும் கைவிரல் நுனிகளையும் இழந்தார்.

ஏன் முன்கூட்டித் தெரியவில்லை? சுத்தமான கூண்டில் வளரும் ஆய்வக எலிக்கு, பழைய தொற்றுகளை நினைவில் வைத்திருக்கும் டி செல்கள் மிகக் குறைவு, நமக்கோ வயதாக ஆக அவை ஏராளம். அதோடு குரங்கைச் சோதித்தார்களே என்றால், சோதனையில் பயன்படுத்திய மக்காக் குரங்குகளில் அந்த நினைவு டி செல்களில் ஒரு முக்கியமான வகையின் மேல் சி.டி.28 இல்லவே இல்லை என்று பிறகுதான் தெரிந்தது. மருந்து போய் உட்கார வேண்டிய இடமே அங்கே இல்லை. பின்னாளில் மனித ரத்தத்தின் வெள்ளை அணுக்களை ஏற்றிய எலிகளில் இதே மருந்தைக் கொடுத்தபோது ரத்தத்தில் லிம்ஃபோசைட்டுகள் சரிந்தன, மனித சைட்டோகைன்கள் ஏறின. நான் இந்தத் துறையில் இருப்பதற்கு இந்த ஒரு சம்பவமே போதுமான காரணம் என்று நினைக்கிறேன்.

சரி, மனித செல்லை எலிக்குள் எப்படி வைப்பது? வைப்பதைவிட வைத்தது நிலைப்பதுதான் கஷ்டம். களை மண்டிய வயலில் நாற்று பிடிக்காது என்பதுபோல, எலியின் சொந்த எதிர்ப்பு மண்டலம் இருக்கிறவரை மனித செல் சில நாள்கூடத் தாங்காது, அந்நியம் என்று கண்டு அழித்துவிடும். அதனால் முதல் வேலை எலியின் எதிர்ப்பு மண்டலத்தைக் காலி செய்வது, அதற்கே நாற்பது வருடம் ஆனது.

தொடக்கம் தற்செயல்தான். 1960-களில் கிளாஸ்கோவில் ரோமமே இல்லாத சில எலிகள் பிறந்தன, அவற்றுக்குத் தைமஸ் சுரப்பியும் இல்லை என்று 1968-ல் கண்டுபிடித்தார்கள். டி செல்கள் பக்குவப்படுவது தைமஸில்தான், அது இல்லையென்றால் டி செல் இல்லை. அடுத்த வருடமே டென்மார்க்கில் இந்த எலிகளில் ஒரு மனிதப் புற்றுக்கட்டியை வளர்த்துக் காட்டினார்கள். ஆனால் ஆன்டிபாடி தயாரிக்கும் பி செல்கள் அப்படியே இருந்தன, மனித ரத்த செல்கள் ஒட்டவில்லை. 1983-ல் ஃபிலடெல்ஃபியாவின் ஃபாக்ஸ் சேஸ் புற்றுநோய் மையத்தில் மெல்வின் போஸ்மாவும் கூட்டாளிகளும் ஆன்டிபாடியே இல்லாத சில எலிகளைக் கண்டார்கள். ஒரே ஒரு மரபணுக் கோளாறால் டி செல்லும் பி செல்லும் சேர்ந்து காணாமல்போன எலி அது, 'ஸ்கிட்' எலி என்பார்கள். வெட்டுப்பட்ட டி.என்.ஏ.வைத் திரும்ப ஒட்ட உதவும் ஒரு புரதம் கெட்டுப்போனதால் வந்த கோளாறு. அதே காரணத்தால் இந்த எலி கதிர்வீச்சையும் அதிகம் தாங்காது, இது எங்களுக்கு இன்றுவரை தலைவலி, கதிரின் அளவை மிகவும் பார்த்துத்தான் வைக்க வேண்டும்.

1988 இந்தத் துறையின் பெரிய வருடம். மூன்று குழுக்கள் மூன்று வழியில் மனித எதிர்ப்பு செல்களை எலிக்குள் கொண்டுவந்தன. ஸ்டான்ஃபோர்டில் ஜோசஃப் மெக்யூன் குழு கருவின் தைமஸையும் கல்லீரலையும் எலியின் சிறுநீரக உறைக்கு அடியில் பொருத்தியது. டொனால்ட் மோசியர் குழு பெரியவர்களின் ரத்தத்திலிருந்து எடுத்த வெள்ளை அணுக்களை ஊசி மூலம் ஏற்றியது. டொரான்டோவில் ஜான் டிக் குழு மனித எலும்பு மஜ்ஜையை ஏற்றியது. இன்று நாங்கள் செய்வதெல்லாம் ஏறக்குறைய இந்த மூன்றின் வளர்ச்சிதான். ஆனால் அன்று ஏற்றியதில் மிகக் கொஞ்சம்தான் பிடித்தது, காரணம் ஸ்கிட் எலிக்கு அந்நிய செல்லைக் கொல்லும் 'நேச்சுரல் கில்லர்' செல்கள் மிச்சம் இருந்தன.

அதற்கும் விடை வந்தது. நீரிழிவு ஆய்வுக்காக ஜப்பானில் உருவான 'நாட்' என்ற எலி வகையோடு ஸ்கிட்டைக் கலந்தபோது நிலைமை தேறியது. அப்புறம் இன்டர்லூக்கின்கள் (சைட்டோகைன்களில் ஒரு வகை) பலவற்றுக்கும் பொதுவான 'காமா சங்கிலி' என்ற ஏற்பிப் புரதத்தின் மரபணுவையும் எடுத்துவிட்டார்கள். மனிதக் குழந்தையில் இந்த மரபணு கெட்டால் வருவதுதான், கிருமி படாத பிளாஸ்டிக் கூடாரத்துக்குள் வாழ வேண்டிவந்த அந்தச் சிறுவனின் நோய். 2002-ல் ஜப்பானில் மமோரு இட்டோ குழு 'என்.ஓ.ஜி.' எலியை அறிவித்தது, 2005-ல் அமெரிக்காவின் பார் ஹார்பரில் இருக்கும் ஜாக்சன் ஆய்வகத்தில் லெனார்ட் ஷல்ட்ஸ் குழு 'என்.எஸ்.ஜி.' எலியை அறிவித்தது. டி செல் இல்லை, பி செல் இல்லை, நேச்சுரல் கில்லரும் இல்லை. இவை வந்த பிறகுதான் துறை உண்மையில் ஓட ஆரம்பித்தது.

இதில் எனக்கு மிகவும் பிடித்த இடம் ஒன்று. நாட் எலியில் மட்டும் மனித செல் ஏன் இவ்வளவு நன்றாகப் பிடிக்கிறது என்று பல வருடம் யாருக்கும் சரியாகத் தெரியவில்லை. 2007-ல் டொரான்டோ குழு கண்டுபிடித்தது: நம் செல்களின் மேல் சி.டி.47 என்ற புரதம் இருக்கிறது, "என்னைத் தின்னாதே" என்று, செல்களை விழுங்கும் மேக்ரோஃபேஜ்களுக்குச் சொல்லும் அடையாளம். அதைப் படிக்கிற 'சர்ப்-ஆல்ஃபா' என்ற ஏற்பி எல்லா எலிகளிலும் இருந்தாலும், நாட் எலியில் இருக்கும் வடிவம் மட்டும் மனித சி.டி.47-ஐ நன்றாகப் பிடித்துக்கொள்கிறது. நீரிழிவுக்காக வளர்த்த எலி, யாரும் திட்டமிடாமலே மனித செல்லுக்கு இடம் கொடுக்கும் எலியாகவும் இருந்திருக்கிறது.

இனி நடைமுறையில் எப்படிச் செய்கிறோம். பிறந்து ஒன்றிரண்டு நாளான குட்டி ஒரு கிராமைக் கொஞ்சம் தாண்டி இருக்கும். தோல் அவ்வளவு மெல்லியது, வயிற்றின் இடப்பக்கம் குடித்த பால் வெள்ளையாகத் தெரியும், அதற்கு மேலே கல்லீரல் கருஞ்சிவப்பாகத் தெரியும். முதலில் குறைந்த அளவு கதிர்வீச்சு, சுமார் 1 கிரே, எலியின் மஜ்ஜையில் கொஞ்சம் இடம் காலியாவதற்கு. பிறகு பிரசவத்தில் சேகரித்த தொப்புள்கொடி ரத்தத்திலிருந்து பிரித்த ஸ்டெம் செல்கள் (எல்லா ரத்த செல்களையும் உண்டாக்கும் மூல செல்கள்), சி.டி.34 என்ற அடையாளம் கொண்டவை, சுமார் ஒரு லட்சம், நேராகக் கல்லீரலுக்குள் ஊசி. கையுறையில் அந்தக் கூண்டின் படுக்கைத் தூளைத் தேய்த்துக்கொண்டுதான் குட்டியைத் தொட வேண்டும், வேற்று வாசனை வந்தால் தாய் எலி ஒதுக்கிவிடலாம். கூண்டு, தீனி, தண்ணீர், படுக்கை எல்லாம் கிருமி நீக்கியது. எதிர்ப்பே இல்லாத விலங்கு, நம் தோலில் சும்மா இருக்கும் கிருமிகூட அதைக் கொன்றுவிடும்.

பிறகு காத்திருக்க வேண்டும். பன்னிரண்டாவது வாரம் இரண்டு மூன்று சொட்டு ரத்தம் எடுத்து, மனித வெள்ளை அணுவுக்கு ஒரு நிறம், எலி வெள்ளை அணுவுக்கு ஒரு நிறம் ஒட்டவைத்து, செல்களை ஒவ்வொன்றாக எண்ணும் ஃப்ளோ சைட்டோமீட்டரில் ஓட்டுவோம். திரையில் ஒவ்வொரு செல்லும் ஒரு புள்ளி. இரண்டு கூட்டமாகப் பிரிந்து நிற்கும், மனிதக் கூட்டம் நான்கில் ஒரு பங்குக்கு மேல் இருந்தால்தான் பொதுவாக அந்த எலியைச் சோதனைக்கு எடுப்போம். முதலில் பி செல்கள்தான் தெரியும், டி செல்கள் மெதுவாக, பன்னிரண்டு முதல் பதினாறு வாரத்துக்குள் வரும். ஒரே நாளில் ஒரே ஊசியில் ஒரே தாயின் குட்டிகளுக்குப் போட்டாலும் ஒன்றில் 60 சதவீதம் இருக்கும், பக்கத்துக் குட்டியில் 15 இருக்கும். இதைப் பார்த்தவர்கள் யாரும் பத்து எலிச் சோதனையை வைத்துப் பெரிய வாக்குறுதி கொடுக்க மாட்டார்கள்.

அவசரமானால் வேறு வழி உண்டு. வளர்ந்த எலிக்கு மனித ரத்தத்தின் வெள்ளை அணுக்களை நேராக ஏற்றினால் ஓரிரு வாரத்திலேயே மனித டி செல்கள் நிறைந்துவிடும். ஆனால் அந்த டி செல்களுக்கு எலியின் உடம்பே அந்நியம். நான்கு முதல் ஆறு வாரத்துக்குள் அவை எலியைத் தாக்க ஆரம்பிக்கும். ரோமம் சிலிர்த்து நிற்கும், முதுகு கூனும், எடை தினமும் குறையும், ஐந்தில் ஒரு பங்கு எடை போனதும் வலியில்லாமல் முடித்துவிட வேண்டும் என்பது பெரும்பாலான நெறிமுறைக் குழுக்களின் விதி. அதனால் இந்த எலியில் "மருந்து கொடுத்த எலிகள் நீண்ட நாள் வாழ்ந்தன" என்று யாராவது எழுதினால், புற்றுநோயிலிருந்து தப்பியதா, இந்தத் தாக்குதலிலிருந்து தப்பியதா என்று முதலில் பார்க்க வேண்டும்.

மூன்றாவது வழி 2006-ல் வந்த 'பி.எல்.டி.' எலி. கருவின் தைமஸ், கல்லீரல், அதே கருவின் ஸ்டெம் செல்கள், மூன்றும் சேர்ந்து. இதில் மனித டி செல்கள் மனிதத் தைமஸுக்குள்ளேயே பக்குவமாகும் என்பதால் தரம் நன்றாக இருக்கும். கருக்கலைப்புத் திசு என்பதால் இதற்குக் கடும் எதிர்ப்பு உண்டு. 2019 ஜூனில் அமெரிக்க அரசு தன் சொந்த விஞ்ஞானிகள் இந்தத் திசுவைப் பயன்படுத்துவதை நிறுத்தியது, சான் ஃபிரான்சிஸ்கோவில் எச்.ஐ.வி. ஆய்வுக்கு இந்த எலிகளைச் செய்துவந்த பல்கலைக்கழகத்தோடு இருந்த ஒப்பந்தத்தையும் முடித்துக்கொண்டது, 2021-ல் அடுத்த அரசு அந்தக் கட்டுப்பாடுகளை விலக்கியது. இதில் நியாயமான மனத்தடை இருக்கிறவர்களை நான் குறை சொல்ல மாட்டேன். குழந்தைகளுக்கு இதய அறுவை சிகிச்சை செய்யும்போது வழிவிடுவதற்காகத் தைமஸில் ஒரு பகுதியை எப்படியும் வெட்டி எடுப்பார்கள், அந்தத் திசுவை வைத்து இதே மாதிரி எலியைச் செய்யலாம் என்று விஸ்கான்சினில் காட்டியிருக்கிறார்கள். அந்தப் பாதை வளர வேண்டும் என்பதே என் விருப்பம்.

இவ்வளவு சிரமப்பட்டு என்ன கிடைத்தது? எச்.ஐ.வி.யில் நிறைய. 1990-லேயே மெக்யூன் குழு தன் எலிகளில் ஏ.இசட்.டி. மருந்து வைரஸை அடக்குவதைக் காட்டியது. 2008-ல் டெக்சாஸில் விக்டர் கார்சியா குழு, பி.எல்.டி. எலிகளுக்கு முன்கூட்டியே டெனோஃபோவிர், எம்ட்ரிசிட்டபைன் கொடுத்தால் பிறப்புறுப்பு வழியாக வரும் தொற்று தடுக்கப்படுவதைக் காட்டியது. இன்று தொற்று வராமல் இருக்கச் சாப்பிடும் மாத்திரை அதே இரண்டு மருந்தின் கலவைதான், அமெரிக்காவில் 2012 ஜூலையில் அந்த உபயோகத்துக்கு அனுமதி கிடைத்தது. எலி மட்டுமே இதைச் சாதித்தது என்று சொல்ல முடியாது, குரங்கு ஆய்வுகளும் ஆயிரக்கணக்கான தன்னார்வலர்களும் சேர்ந்தே சாதித்தார்கள். டைஃபாய்டு பாக்டீரியாவும் 2010-ல் இந்த எலிகளில் தொற்றிக் காட்டியது.

உங்கள் கேள்விக்கு நெருங்கியது, லுக்கீமியாவிலும் பயன்படும் கார்-டி சிகிச்சை. நோயாளியின் டி செல்லை எடுத்து, புற்றுச் செல்லை அடையாளம் காணும் ஏற்பியைப் பொருத்தித் திரும்ப ஏற்றுவது. இந்தியாவிலேயே ஐ.ஐ.டி. பம்பாயும் டாடா மெமோரியலும் உருவாக்கிய நெக்ஸ்கார்19-க்கு 2023-ல் அனுமதி கிடைத்தது. இந்தச் சிகிச்சையின் பெரிய அபாயம், நார்த்விக் பார்க்கில் நடந்ததுபோல சைட்டோகைன்கள் பொங்கிவிடுவது. 2012-ல் ஃபிலடெல்ஃபியாவில் எமிலி வைட்ஹெட் என்ற சிறுமி இதனால் சாகக் கிடந்தபோது, மூட்டுவாதத்துக்குத் தரும் டோசிலிசுமாப் என்ற மருந்தைக் கொடுத்துக் காப்பாற்றினார்கள், அது இன்டர்லூக்கின்-6-ஐத் தடுப்பது. நரம்பு மண்டலப் பாதிப்புக்கு மட்டும் அது அவ்வளவாக உதவவில்லை, ஏன் என்று புரியவும் இல்லை.

புரியாததற்குக் காரணம் எலிதான். அன்று கார்-டி சோதித்த எலிகளில் மனிதனுடையது என்று இருந்தவை இரண்டே: புற்றுச் செல், கார்-டி செல். புற்று கரைந்ததை அவை அழகாகக் காட்டின, ஆனால் இந்தப் பக்கவிளைவை மனிதனில் வருவதுபோல் காட்டவில்லை. 2018-ல் மிலான் குழு ஒன்று எலியை மாற்றியது. மனித வளர்ச்சிக் காரணிகள் சுரக்கும் எலியில் ஸ்டெம் செல் ஏற்றி, மனித மோனோசைட்டுகளும் (இன்னொரு வகை வெள்ளை அணு) இருக்கும்படி வளர்த்து, அதில் கார்-டியைக் கொடுத்தது. உடனே காய்ச்சல், எடை இழப்பு, சைட்டோகைன் பொங்கல், எல்லாம் வந்தன. சைட்டோகைன்கள் இப்படிப் பொங்குவதற்கு ஊற்று கார்-டி செல் இல்லை, மோனோசைட்டுகள் என்று தெரிந்தது, இன்டர்லூக்கின்-6-க்குப் பல மணி நேரம் முன்பே இன்டர்லூக்கின்-1 ஏறுவதும் தெரிந்தது. டோசிலிசுமாப் கொடுத்த எலிகள் முதல் பாதிப்பிலிருந்து தப்பினாலும் பிறகு நரம்புப் பாதிப்பில் இறந்தன, இன்டர்லூக்கின்-1-ஐத் தடுக்கும் அனகின்ரா கொடுத்தவை இரண்டிலிருந்தும் தப்பின. அதே நேரத்தில் நியூயார்க்கில் வேறு வகை எலியை வைத்து மைக்கேல் சாடலேன் குழுவும் இன்டர்லூக்கின்-1-இல்தான் வந்து நின்றது. இரண்டு வேறு எலிகள் ஒரே இடத்தைக் காட்டினால் எனக்கு நம்பிக்கை வரும். அனகின்ரா ஏற்கெனவே மூட்டுவாதத்துக்குப் புழக்கத்தில் இருந்த மருந்து என்பதால் நோயாளிகளில் சோதிப்பதும் சீக்கிரம் ஆரம்பித்தது.

எலியை மாற்றினால் பதிலே மாறும் என்பதற்கு இன்னொரு உதாரணம், இதை நான் புதிதாகச் சேரும் மாணவர்கள் எல்லோரிடமும் சொல்வேன். மெலனோமா என்ற தோல் புற்றுநோயில் புதுக் கட்டியை உண்டாக்கக்கூடிய செல்கள் எவ்வளவு? நாட்-ஸ்கிட் எலியில் சோதித்தால் பத்து லட்சத்தில் ஒன்று என்ற அளவில்தான் வந்தது. அப்படியானால் அந்த அரிதான செல்லை மட்டும் குறிவைத்தால் போதும் என்று தோன்றும். 2008-ல் மிச்சிகனில் ஷான் மாரிசன் குழு என்.எஸ்.ஜி. எலியில், சோதனை முறையையும் கொஞ்சம் சீர்செய்து, திரும்பப் பார்த்தது. நான்கில் ஒன்று. புற்று அதேதான், மிச்சமிருந்த எலியின் எதிர்ப்பு செல்கள்தான் முன்பு மற்றவற்றைக் கொன்றிருக்கின்றன.

அடுத்து, இந்த எலிகளால் முடியாதவை. காமா சங்கிலி இல்லாததால் நிணநீர் முடிச்சுகள் (நமக்கு நெறிகட்டும் இடங்கள்) சரியாக உருவாவதில்லை, பி செல்லும் டி செல்லும் சந்தித்துப் பேச இடமே இல்லாத மாதிரி. அதனால் தடுப்பூசி போட்டால் முதல்கட்ட ஐ.ஜி.எம். ஆன்டிபாடி வரும், நமக்கு நெடுநாள் பாதுகாப்புத் தரும் பக்குவப்பட்ட ஐ.ஜி.ஜி. சரியாக வராது. ஸ்டெம் செல் மட்டும் ஏற்றிய எலியில் டி செல்கள் பக்குவமாவது எலியின் தைமஸில், ஆக அவை கற்றுக்கொள்வதும் எலியின் அடையாளங்களைத்தான், மனித செல்களின் அடையாளப் புரதமான எச்.எல்.ஏ.வை அல்ல. இதைச் சரிசெய்ய மனித எச்.எல்.ஏ. மரபணு சேர்த்த எலிகள் உண்டு. எலியின் சைட்டோகைன்கள் பல மனித செல்லுக்குப் புரியாது, அதனால் மனித மோனோசைட்டும் நேச்சுரல் கில்லரும் குறைவாகவே வளரும், இதற்கு யேல் பல்கலைக்கழகத்தில் ரிச்சர்ட் ஃபிளாவெல் குழு 2014-ல் மனித சைட்டோகைன் மரபணுக்கள் சேர்த்த 'மிஸ்டர்க்' எலியை அறிவித்தது. ஒவ்வொரு குறைக்கும் ஒரு புது எலி வருகிறது, ஒவ்வொரு புது எலியிலும் வேறொரு குறை வருகிறது. மிஸ்டர்க்கில் மனித செல்கள் அவ்வளவு நன்றாகப் பிடிப்பதால் சில மாதத்தில் எலிக்கு ரத்தசோகை வந்துவிடும். அப்புறம், எலியின் குடல், ரத்தநாளம், நரம்பு எல்லாம் எலியுடையதே. வெறும் எதிர்ப்பு செல்லை மாற்றினால் மருந்தின் முழு நடத்தையும் தெரிந்துவிடாது.

கல்லீரலுக்கு இதே பாடம் தனியாகக் கிடைத்திருக்கிறது. 1993-ல் அமெரிக்க தேசிய சுகாதார நிறுவனத்தில் ஹெபடைட்டிஸ் பி-க்கு ஃபியாலூரிடின் என்ற மருந்தைச் சோதித்தபோது பதினைந்து பேரில் ஐந்து பேர் இறந்தார்கள், இரண்டு பேர் கல்லீரல் மாற்று சிகிச்சையால் பிழைத்தார்கள். அதற்கு முன் விலங்குகளில் அந்த ஆபத்து தெரியவில்லை. 2014-ல் ஸ்டான்ஃபோர்டில் மனிதக் கல்லீரல் செல்கள் வளர்த்த எலிகளில் அதே மருந்தைக் கொடுத்தபோது கல்லீரல் கெடுவது தெளிவாகத் தெரிந்தது. அந்த எலி எதிர்ப்பு மண்டலத்தைப் பற்றி ஒன்றும் சொல்லாது, நம்முடைய எலி கல்லீரலைப் பற்றிச் சொல்லாது.

செய்திகளில் இன்னொரு குழப்பமும் உண்டு. மனித ஆன்டிபாடி மரபணுக்கள் பொருத்திய எலிகள் வேறு வகை. அவற்றுக்கு எலியின் சொந்த எதிர்ப்பு மண்டலமே முழுதாக உண்டு, ஆனால் அது தயாரிக்கும் ஆன்டிபாடி மனித வடிவில் வரும். நிவோலுமாப், டூபிலுமாப் போன்ற மருந்துகள் அப்படிப்பட்ட எலிகளிலிருந்து வந்தவை. அவை மருந்து தயாரிக்கும் எலிகள், நான் சொல்பவை மருந்தைச் சோதிக்கும் எலிகள். கொரோனா காலத்தில் பேசப்பட்ட ஏஸ்-2 எலி மூன்றாவது வகை, ஒரே ஒரு மனிதப் புரதம் மட்டும் சேர்த்தது. மூன்றையும் செய்தியில் "மனிதமயமாக்கிய எலி" என்று ஒரே பெயரில் எழுதிவிடுகிறார்கள்.

இனிமேல் எலியே வேண்டாமா என்றும் பேச்சு இருக்கிறது. அமெரிக்காவில் 2022 இறுதியில் விலங்குச் சோதனை கட்டாயம் என்ற வரியைச் சட்டத்திலிருந்து எடுத்துவிட்டார்கள், 2025-ல் ஆன்டிபாடி மருந்துகளுக்கு விலங்குச் சோதனையைப் படிப்படியாகக் குறைக்கும் திட்டத்தையும் அறிவித்தார்கள். இந்தியாவிலும் 2023-ல் விதி திருத்தப்பட்டு, சிறு சில்லில் (சிப்) வளர்க்கும் உறுப்பு மாதிரிகள் போன்றவற்றுக்கு இடம் கிடைத்திருக்கிறது. இவை வளர வளர எலிகள் குறையட்டும், எனக்கு அதில் வருத்தம் இல்லை, அந்த விலங்குகள் படும் பாட்டை நேரில் பார்க்கிறவன் நான். ஆனால் ஒரு ஸ்டெம் செல் மஜ்ஜையில் போய் உட்கார்ந்து மாதக்கணக்கில் ரத்தம் உண்டாக்குமா என்ற கேள்விக்கு இப்போதைக்கு உயிருள்ள உடம்பு தேவைப்படுகிறது.

இப்போது மாமா விஷயம். நீங்கள் படித்த செய்தியில் எலிக்கு ஏற்றியது ஸ்டெம் செல்லா, ரத்த அணுக்களா, அல்லது வெறும் லுக்கீமியா செல் மட்டுமா என்று பாருங்கள். வெறும் லுக்கீமியா செல் என்றால் அதில் எதிர்ப்பு மண்டலமே இல்லை, தலைப்பு தவறு. எத்தனை பேருடைய செல்லை வைத்துச் செய்தார்கள் என்று பாருங்கள், ஒரே ஒருவர் தானம் தந்த செல் என்றால் அது ஒரு மனிதனைப் பற்றிய தகவல்தான். வேறொரு வகை எலியிலோ வேறொரு குழுவிலோ அதே முடிவு வந்திருக்கிறதா என்று பாருங்கள். இவை எல்லாம் நன்றாக இருந்தாலும் மனிதச் சோதனைக்கு வர வருடங்கள் ஆகும், பல மருந்துகள் வழியிலேயே நின்றுவிடும். அதனால் அந்த மருந்துக்காக இப்போது நடக்கும் சிகிச்சையைத் தள்ளிப்போடாதீர்கள், இதை அழுத்தியே சொல்கிறேன். அந்த மருந்தின் பெயரையும் மாமாவின் லுக்கீமியா வகையையும் எழுதிக்கொண்டு, இந்தியாவில் நடக்கும் சோதனைகளைப் பதிவு செய்யும் சி.டி.ஆர்.ஐ. இணையதளத்தில் தேடுங்கள், யார் வேண்டுமானாலும் பார்க்கலாம். ஏதாவது கிடைத்தால் அந்தப் பதிவு எண்ணோடு மாமாவின் ரத்தநோய் மருத்துவரிடம் போய்க் கேளுங்கள்: இந்தச் சோதனையில் இவருக்கு இடம் உண்டா, இப்போது எடுக்கும் மருந்துகள் அதற்குத் தடையாகுமா என்று.